அரை மங்கு கோப்பியும் நெஞ்சின் இரண்டு படங்களும்

எனக்கு வயது எழுபத்து மூன்று. ஏழு பிள்ளைகளை வளர்த்தேன். ஐந்து நான் பெற்றது, இரண்டு என் தங்கச்சி விட்டுவிட்டுப் போனது. ஏழு பேரும் இன்றைக்குச் சொந்தக் காலில் நிற்கிறார்கள். என் பெயர் அங்கம்மா. கோலா கிளாவாங் பக்கத்து எஸ்டேட்டில் முப்பத்தெட்டு வருஷம் பால் மரம் வெட்டினேன், ரப்பர்ப் பால் எடுக்கும் வேலை. தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தேன். அதற்குப் பிறகு கையில் வெட்டுக் கத்தி வந்துவிட்டது.

ஆகையால் இதை மெதுவாகத்தான் எழுதுகிறேன். ஒரு நாளைக்கு அரைப் பக்கம். கை வலித்தால் நிறுத்திவிடுவேன், யார் என்னை விரட்டுகிறார்கள்? பேத்தி தர்ஷினியின் பழைய பயிற்சிப் புத்தகத்தில் பின்பக்கத்திலிருந்து பென்சிலால் எழுதுகிறேன். குறில் நெடில் தப்பை அவள் திருத்துவாள். வேறு எதையும் தொட விடுவதில்லை.

கோவிலுக்குப் போனால் எஸ்டேட்டுப் பெண்கள் சுற்றிக்கொள்கிறார்கள். "என்னக்கா, ஒடம்புக்குள்ள அணு விட்டாங்களாமே, சுட்டுச்சா?" என்று ஒருத்தி. "முடி கொட்டுமாமே?" என்று இன்னொருத்தி. ஒவ்வொருத்திக்கும் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது. நாளைக்கு அவர்களையும் இந்தச் சோதனைக்கு அனுப்பலாம். நான் செய்த தப்பை அவர்கள் செய்யக்கூடாது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில் வியாதி. மாரடைப்பு என்றால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவார்கள் என்று நினைத்திருந்தேன். எனக்கு நெஞ்சு வலிக்கவே இல்லை. தாடை கடுத்தது, வயிற்றைப் புரட்டியது, நாலு எட்டு நடந்தால் உட்காரலாம் போல இருந்தது. காற்று என்று பூண்டை நசுக்கி விழுங்கினேன். இரண்டு நாள் அப்படியே ஓட்டினேன். மூன்றாம் நாள் பசாரில் மீன் வாங்கிக்கொண்டு நிற்கும்போது கண் இருட்டியது. மீன்காரர்தான் தன் லாரியில் ஏற்றிக் கிளினிக்கில் விட்டார். அங்கே நெஞ்சில் ஒயர்களை ஒட்டி ஒரு காகிதம் எடுத்தார்கள். காகிதத்தைப் பார்த்ததும் அவர்கள் பேச்சு குறைந்துவிட்டது. ஆம்புலன்சில் ஏற்றினார்கள். புக்கிட் தங்கா வளைவுகளில் அது திரும்பத் திரும்ப, வீட்டில் நனையப் போட்ட உளுந்தைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டு போனேன்.

சிரம்பானில் ஐந்து நாள் வார்டில் வைத்திருந்தார்கள். எக்கோ எடுத்தார்கள். நெஞ்சில் பசை மாதிரி ஒன்றைத் தடவி, ஒரு கட்டையை வைத்து அழுத்திப் பார்ப்பது. வலிக்காது. டாக்டர் ஒரு தமிழ்ப் பெண், என் கடைசி மகள் வயதுதான் இருக்கும். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து சொன்னாள்.

"அம்மா, உங்க இருதயத்தோட முன்பக்கச் சுவரு சரியா அசையல. அது செத்துப்போச்சா, இல்ல ரத்தம் பத்தாம பட்டினி கெடக்குதான்னு எக்கோவுல சொல்ல முடியாது."

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா?"

"இல்லம்மா. செத்துப்போயிருந்தா அடைப்ப எடுத்தும் பிரயோசனம் இல்ல, மாத்திரைதான். பட்டினின்னா கொழாயத் திறந்துவிட்டா பொழைச்சிக்கும். ஆனா திறக்கறதுக்கு ஒரு சாயம் விடணும். உங்க கிட்னி ஏற்கனவே கொஞ்சம் வீக். தேவைன்னு நல்லாத் தெரிஞ்சாத்தான் அதுல கை வைப்போம்."

எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. மரத்திலும் இது உண்டு. நன்றாகப் பால் கொடுத்த மரம் ஒரு நாள் நின்றுவிடும். வெட்டினால் சொட்டு வராது. புதுசாக வேலைக்கு வந்தவர்கள் மரம் பட்டுப்போய்விட்டது என்பார்கள். நாங்கள் கத்தி நுனியால் பட்டையைக் கொஞ்சம் கீறிப் பார்ப்போம். உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் இருதயத்தை யார் கீறிப் பார்ப்பது?

கீறாமல் பார்க்கத்தான் அந்தச் சோதனை என்றாள் டாக்டர். கோலாலம்பூர் பக்கத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தாள். இரண்டு நாள் சோதனை. ஒரு நாள் இருதயத்துக்கு வேலை கொடுத்து ஒரு படம், மறுநாள் சும்மா இருக்கும்போது ஒரு படம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள்.

அதுவரைக்கும் சிரம்பானில் மகன் மணியம் வீட்டில் இருந்தேன். மருமகள் சாந்தி தொழிற்சாலையில் இரண்டு நாள் லீவு எடுத்தாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளை அவள்தான் படித்துக் காட்டினாள்.

"அத்த, நல்லாக் கேட்டுக்குங்க. முந்தின நாள் காலையிலேருந்தே கோப்பி, டீ, சாக்லேட்டு, மைலோ, கோலா எதுவும் கூடாது. அன்னிக்குக் காலையில சாப்பாடும் கூடாது."

"வெரதம் இருக்க எனக்குச் சொல்லிக் குடுக்கப் போறியா? நீ பொறக்குறதுக்கு முன்னாலேருந்து பால்குடம் எடுக்குறவ நானு."

"அதுக்கில்லத்த..."

"போ லா. போயி வேலயப் பாரு."

முந்தின நாள் முழுக்கச் சுடுதண்ணீரில்தான் ஓட்டினேன். அதோடு விட்டிருந்தால் இந்தக் கதை சின்னதாகப் போயிருக்கும்.

எஸ்டேட்டில் விடியுமுன் எழுந்து, பேர் கூப்பிடும் இடத்துக்குப் போகுமுன் அரை மங்கு கோப்பி ஓ குடிப்போம். மங்கு என்றால் எனாமல் குவளை, கோப்பி ஓ என்றால் பால் இல்லாத கறுப்புக் கோப்பி. அதைக் குடிப்பது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வாயை நனைப்பது என்போம். திருவிழா விரதத்திலும் அதற்குத் தடை இல்லை. பூசாரியே குடித்துவிட்டுத்தான் மணி அடிப்பார். அன்றைக்கும் நாலரைக்கு முழிப்பு வந்தது. அடுப்பைப் பற்ற வைத்தேன், வாயை நனைத்தேன், மங்கைக் கழுவிக் கவிழ்த்தேன், குளித்துத் திருநீறு பூசினேன். தாளில் போட்டிருந்த கோப்பியும் இந்தக் கோப்பியும் ஒன்று என்று என் மனசுக்குப் படவே இல்லை. இதை யாரும் நம்பமாட்டார்கள். எங்கள் எஸ்டேட்டு ஆட்கள் நம்புவார்கள்.

ரயிலில் போய் இறங்கி, டாக்சி பிடித்து எட்டு மணிக்கெல்லாம் சேர்ந்துவிட்டோம். அணு மருத்துவப் பிரிவு என்று ஒரு தனிப் பக்கம். கதவில் மஞ்சள் பலகை, அதில் மூன்று இறக்கைக் காற்றாடி மாதிரி ஓர் அடையாளம். அதைத் தாண்டிச் சும்மா யாரும் போக முடியாது. ஃபரிடா என்ற மலாய்ப் பெண் என் கையில் ஒரு பிளாஸ்டிக் குழாயைச் செருகி ஒட்டினாள். ஒரு தடவை குத்தினால் போதும், எல்லா மருந்தும் அது வழியாகவே போகும். ஒட்டிக்கொண்டே மலாயில் கேட்டாள். மக்சிக் என்றால் பெரியம்மா மாதிரி.

"மக்சிக், நேத்துலேருந்து கோப்பி, டீ குடிச்சீங்களா?"

அப்போதுதான் காலையில் கழுவிக் கவிழ்த்த மங்கு கண்ணுக்கு முன்னால் வந்தது. பக்கத்தில் சாந்தி நின்றாள். அவளிடம் அன்றைக்குப் பேசிய பேச்சும் ஞாபகம் வந்தது.

"இல்ல," என்றேன்.

வெளியே நாற்காலியில் உட்கார வைத்தார்கள். எனக்கு முன்னால் ஒருவருக்கு நடந்துகொண்டிருந்தது. சாந்தி மருந்துச் சீட்டு கொடுக்கப் போனாள். பக்கத்து நாற்காலியில் ஓர் அம்மாள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கழுத்தில் சின்னச் சிலுவை, மடியில் ஆங்கிலப் பேப்பர். அவர் கையிலும் என்னைப் போலவே குழாய். சிலோன்காரர் என்று பேச்சிலேயே தெரிந்தது.

"எங்கையிருந்து வாறீங்கள்?"

"கோலா கிளாவாங்."

"எஸ்டேட்டா?"

"எஸ்டேட்டுதான். அதுக்கென்ன?"

அவர் சிரித்துவிட்டார். "ஒண்டுமில்லை அக்கா. நான் தெமியாங். கிரேஸ் டீச்சர் எண்டா அங்க எல்லாருக்கும் தெரியும். என்ட அப்பாவும் எஸ்டேட்டிலதான் இருந்தவர். கிராணி."

கிராணி என்றால் எஸ்டேட்டுக் கணக்குப்பிள்ளை. நாங்கள் கொண்டுபோகும் பாலை நிறுத்து எழுதுகிறவர்.

"அப்ப நீங்க குவாட்டர்ஸ் பக்கம். நாங்க லயத்து வரிசை வீட்டுப் பக்கம்."

"இண்டைக்கு ரெண்டு பேருக்கும் ஒரே ஊசிதானே," என்றார்.

எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. தலையை ஏன் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"முந்தாநாளில இருந்து தேத்தண்ணி தொடேல்ல. தலையிடி தாங்கேலாமக் கிடக்கு."

"ஒரு வாய் குடிச்சா என்னா ஆயிரும்?" என்று யாருக்கோ கேட்பது போலக் கேட்டேன்.

"ஐயோ, கூடாது. இப்ப ஏத்தப்போற மருந்து ரத்தக் குழாயெல்லாத்தையும் நல்லா விரிச்சுவிடும். நல்ல குழாய் விரியும், அடைச்ச குழாய் விரியாது. அப்பதான் எங்க ரத்தம் போகேல்லை எண்டு படத்தில தெரியும். கோப்பி குடிச்சா அந்த மருந்து வேலை செய்யாது. எல்லாம் நல்லாக் கிடக்கிற மாதிரிப் படம் வந்திடும்."

லயத்து வாய்க்கால் மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். சாதாரண நாளில் எல்லா வாய்க்காலும் ஒன்றாகத்தான் ஓடும். பெரிய மழை பெய்தால்தான் எது அடைத்திருக்கிறது என்று தெரியும். நான் குடித்த கோப்பி அந்த மழையைப் பெய்யவிடாது.

உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. படம் நன்றாக வந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். குழாயைத் திறக்கிறேன் என்று உள்ளே எதையும் விடமாட்டார்கள், கிட்னிக்கும் பயம் இல்லை. அந்த டாக்டர் பெண் கேட்டதற்கு நல்ல பதிலாகவே போகும். ஏழு பிள்ளைகளை வளர்த்தவள்தான், கத்தி என்றால் எனக்கும் பயம் இருக்காதா?

டீச்சர் தன் அப்பாவைப் பற்றிப் பேசிக்கொண்டே போனார். "சில பேர் பாலில தண்ணி கலந்து கொண்டருவினம். எடை கூடுமெல்லே? அப்பா ஒரு கண்ணாடிக் குழாயை வாளிக்குள்ள விடுவார். நல்ல பாலில அது அடிக்குத் தாண்டு நிக்கும், தண்ணிப் பால் எண்டா மேல மிதக்கும். அப்பாவை ஏமாத்த ஏலாது."

"என் வாளியில ஒரு நாளும் மெதந்தது கெடயாது," என்றேன். குரல் கொஞ்சம் ஏறிவிட்டது. "முப்பத்தெட்டு வருஷம். மழைக்காலத்துல கூட ஒரு கை தண்ணி கலந்ததில்ல. எங்க கிராணியக் கேட்டுப் பாருங்க, உசுரோட இருந்தா."

சொல்லி முடித்த பிறகுதான் என் பேச்சு எனக்கே கேட்டது. என் பாலை அளந்தவனுக்குத் தண்ணீர் காட்டாதவள், என் உயிரை அளக்கிறவர்களுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

"அங்கம்மா!" என்று ஃபரிடா கூப்பிட்டாள். சாந்தியும் வந்துவிட்டாள். அவளும் பின்னால் வந்தாள். உள்ளே ஒரு கட்டில், நெஞ்சுக்கு ஒட்டும் ஒயர்கள், ஒரு சீன டாக்டர். நான் கட்டிலில் ஏறவில்லை.

"ஃபரிடா, நான் பொய் சொல்லிட்டேன்," என்றேன் மலாயில். "கோப்பி ஓ. செத்தெங்கா கெலாஸ். காலையில நாலரைக்கு."

அரைக் கிளாஸ்தானே என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

ஃபரிடா டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் தலையை ஆட்டினார். பிறகு அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள், "பரவால்ல மக்சிக். போன வாரம் ஒருத்தர் மைலோ குடிச்சிட்டு வந்து, அது பாலுதானேன்னு எங்ககிட்டயே சண்டை போட்டாரு. உங்களுக்கு எப்படியும் ரெண்டு நாள் சோதனை. திருப்பிப் போட்டுக்கலாம். இன்னிக்குச் சும்மா இருக்கிற படம், நாளைக்கு வேலை செய்யிற படம். அதுக்குள்ள கோப்பி குடிச்சு ஒரு நாள் முழுசா தாண்டிடும். இப்பச் சொன்னதே நல்லது. சொல்லாம விட்டிருந்தா நாங்க நம்பியிருப்போம்."

அந்தக் கடைசி வார்த்தை எந்த ஊசியை விடவும் ஆழமாகக் குத்தியது.

வெளியே வந்ததும் சாந்தி என்னைத் திட்டுவாள் என்று பார்த்தேன். அவள் என் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"வாசம் வந்தா உங்களுக்கு ஆசை வருமேன்னு நேத்திக்கு நாங்க ரெண்டு பேருமே கோப்பி போடலத்த. அவரு கோப்பி இல்லாமத்தான் நைட் ஷிப்டுக்குப் போனாரு."

அவ்வளவுதான் சொன்னாள்.

இனி அந்த மருந்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வயதில் இப்படி ஒன்றைப் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை. ஈயத்தால் செய்த கனமான உறைக்குள் ஊசியை வைத்து எடுத்து வந்தாள் ஃபரிடா. உள்ளே இருந்தது ஒரு மிடறுக்கும் குறைவு, பார்க்கத் தண்ணீர் மாதிரி. அதற்கு ஆயுள் கொஞ்சம்தான், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகிவிடும் என்றாள். அதனால்தான் அன்றன்றைக்குக் காலையில் தயார் செய்கிறார்களாம், தாமதித்தால் வீண். மரத்துப் பாலும் அப்படித்தான். வெயில் ஏறுமுன் ஸ்டோருக்குப் போய்ச் சேராவிட்டால் வாளியிலேயே உறைந்துவிடும்.

ஊசி போனது தெரியவே இல்லை. சுடவில்லை, கடுக்கவில்லை. அது ரத்தத்தோடு ரத்தமாக ஓடி, எங்கெல்லாம் ரத்தம் போகிறதோ அங்கே இருதயச் சதைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளுமாம். ரத்தம் போகாத இடத்தில் உட்காராது, செத்த சதையிலும் உட்காராது. பிறகு பாலும் ரொட்டியும் கொடுத்துச் சாப்பிடச் சொன்னார்கள். ஈரலில் தங்கும் மருந்து இறங்கினால்தான் இருதயம் தெளிவாகத் தெரியுமாம். ஊசி போட்டவர்களுக்குத் தனி அறை, தனிக் கழிவறை. சாந்தியைக்கூட வெளியே உட்காரச் சொன்னார்கள்.

ஒரு மணி நேரம் கழித்து மெஷினில் படுக்க வைத்தார்கள். கைகளைத் தலைக்கு மேலே தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும், அசையக் கூடாது. நெஞ்சுக்கு மேலே சப்பாத்திக் கல் போல இரண்டு பெரிய தட்டுகள், நகர்வது தெரியாமல் நகர்ந்தன.

"இது எக்ஸ்ரே மாதிரியா?" என்று ஃபரிடாவிடம் கேட்டேன்.

"இல்ல மக்சிக். எக்ஸ்ரேன்னா மெஷின் வெளிச்சம் அடிக்கும். இந்த மெஷின்லேருந்து ஒண்ணுமே வராது. இது சும்மா பார்த்துக்கிட்டு இருக்கும். வெளிச்சம் உங்ககிட்டேருந்துதான் வருது."

நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு முப்பத்தெட்டு வருஷம் இருட்டில் மரத்துக்கு மரம் போனவள் நான். அந்த விளக்கு போகுமிடத்தில்தான் எனக்குப் பட்டை தெரியும். இன்றைக்கு எழுபத்து மூன்று வயதில், தங்கச்சி பிள்ளைகளையும் சேர்த்துச் சுமந்த இந்த நெஞ்சுக்குள் ஒரு விளக்கை ஏற்றி வைத்துவிட்டு, ஒரு மெஷின் எதிரே உட்கார்ந்து பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறது. கீறவில்லை, அறுக்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்து காதுக்குள் இறங்கியது. கையை இறக்கக் கூடாது என்று துடைக்காமல் படுத்திருந்தேன்.

அன்று சாயங்காலம் வீட்டில் குழந்தைகளோடு ஒட்டி உட்கார வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். தர்ஷினி கதவோரம் நின்றுகொண்டு விளக்கை அணைத்தாள்.

"என்னாடி செய்யிற?"

"பாட்டி, நீங்க மின்னல. ஏமாத்திட்டாங்க."

"போடி கழுத. கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் அது."

மறுநாள் காலை நாலரைக்கு எழுந்து சுடுதண்ணீர் குடித்தேன். வெறும் தண்ணீர். திரும்பிப் பார்த்தால் சமையலறை வாசலில் சாந்தி நிற்கிறாள். காவலுக்கு வந்தாயா என்றேன். தூக்கம் வரவில்லை என்றாள். பொய். இருக்கட்டும்.

அன்றைக்கு மருந்து ஏற்றினார்கள். படுத்தபடியே ஓடுவது போல இருக்கும் என்று சொன்னார்கள், அப்படியேதான் இருந்தது. முகம் காந்தியது, மூச்சு முட்டியது, நெஞ்சின் மேல் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி. தோள் கம்பில் இரண்டு பக்கமும் பால் வாளியைத் தொங்கவிட்டுக்கொண்டு மேட்டில் ஏறும்போது வருமே, அந்த மூச்சு. பயப்படாதீர்கள், டாக்டர் பக்கத்திலேயே நிற்கிறார், சில நிமிஷம்தான், மருந்தை நிறுத்தினால் போய்விடும். அந்த நேரத்தில்தான் விளக்கு மருந்தையும் விட்டார்கள். பிறகு முதல் நாள் மாதிரியே பால், ரொட்டி, மெஷின்.

முடிவு சொல்ல அந்தச் சீன டாக்டர் என்னையும் சாந்தியையும் திரைக்கு முன்னால் உட்கார வைத்தார். இருதயத்தைக் குறுக்கே நறுக்கிய மாதிரி வரிசையாக வட்டங்கள், நடுவில் ஓட்டை. ரத்தம் போகிற இடம் மஞ்சளும் ஆரஞ்சுமாக இருக்கும் என்றார்.

"வடை," என்று சாந்தி என் காதில் சொன்னாள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

கீழ் வரிசை நேற்றுச் சும்மா இருந்தபோது எடுத்தது. எல்லா வடையும் முழுசாக இருந்தன, ஓரம் ஒரு பக்கம் கொஞ்சம் வெளிறியிருந்தது. மேல் வரிசை இன்றைக்கு எடுத்தது. அதே பக்கத்தில் பெரிதாகக் கருத்துக் கிடந்தது, யாரோ கடித்து எடுத்த மாதிரி.

"செத்துப்போச்சா?" என்று மலாயில் கேட்டேன்.

டாக்டர் கீழ் வரிசையில் விரலை வைத்தார். "இல்லை. செத்திருந்தால் இரண்டு வரிசையிலும் கருப்பாக இருக்கும். இதோ, சும்மா இருக்கும்போது மருந்தை வாங்கிக்கொண்டிருக்கிறது. உயிரோடு இருக்கிறது. வேலை கொடுத்தால்தான் ரத்தம் பற்றவில்லை. பசிதான்."

பிறகு இருதயம் அசையும் படத்தையும் ஓடவிட்டார். என் நெஞ்சு, எனக்கு எதிரே, விரிந்து சுருங்கிக்கொண்டிருந்தது. முன்பக்கச் சுவர் மட்டும் அலுத்துப்போன மாதிரி அசைந்தது. ஆனாலும் அசைந்தது. நான் தூங்கும்போதும், பிள்ளைகளை ஏசும்போதும், மரத்தடியில் குனிந்து நிமிரும்போதும் ஒரு நாள் லீவு கேட்காமல் இது இப்படியே வேலை பார்த்திருக்கிறது. ஒரு தடவைகூட நான் அதை நினைத்ததில்லை.

"நேற்று அந்தக் கோப்பியோடு எடுத்திருந்தால்?" என்று கேட்டேன்.

"மேல் வரிசையும் கீழ் வரிசை மாதிரியே வந்திருக்கலாம்," என்றார் டாக்டர். "அடைப்பைத் தொட வேண்டியதில்லை என்று எழுதி அனுப்பியிருப்போம்."

சாந்தி என் முழங்கையைப் பிடித்தாள்.

வெளியே கிரேஸ் டீச்சரும் தன் இரண்டாம் நாளை முடித்துவிட்டு ஒரு குவளை தேத்தண்ணீரோடு உட்கார்ந்திருந்தார். என்ன ஆயிற்று என்று கண்ணாலேயே கேட்டார்.

"மெதக்கல டீச்சர், தாந்திருச்சி. நல்ல பாலுதான், உசுரோட இருக்கு," என்றேன்.

அடுத்த மாதம் மணிக்கட்டு வழியாகக் கம்பி விட்டு அடைப்பைத் திறந்து, சின்னச் சுருள் ஒன்றை வைத்தார்கள். கிட்னிக்கு முந்தின நாளே தண்ணீர் ஏற்றிப் பார்த்துக்கொண்டார்கள். இப்போது பசார் வரைக்கும் நிற்காமல் நடக்கிறேன். நாலரைக்குக் கோப்பி ஓ உண்டு, அரை மங்கு. டாக்டர் அனுமதித்ததுதான்.

பெண்களே, மற்ற எதற்கும் பயப்படாதீர்கள். அந்தத் தாளில் போட்டிருக்கும் கோப்பி நம்முடைய கோப்பிதான். மறந்து குடித்துவிட்டால், கேட்டவுடனே சொல்லிவிடுங்கள்.

எழுதி முடித்து, கோவிலில் பெண்களுக்குப் படித்துக் காட்டச் சொல்லிப் புத்தகத்தைத் தர்ஷினியிடம் கொடுத்தேன். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு புரட்டினாள். ஒரு பக்கத்தில் நின்றுவிட்டாள்.

"பாட்டி, நீங்க நர்ஸுகிட்ட பொய் சொன்ன எடத்த விட்டுட்டு மத்தத மட்டும் படிக்கவா? கோயில்ல எல்லாரும் கேப்பாங்க."

"விடாத. சத்தமாப் படி. அந்த எடத்துலேருந்தே தொடங்கு."